கார் ஷெட்டில் மழைத்தண்ணீர்: வாடகைக்கு இருப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சென்னையில் தனி வீடானாலும் நாலு குடித்தனம் இருக்கும் வீடானாலும், தரைத்தளத்தில் ஷட்டர் போட்ட கார் ஷெட் ஒன்று இருக்கும். கார் மட்டுமா அங்கே நிற்கிறது? இன்வெர்ட்டர், பழைய பீரோ, பிள்ளைகளின் சைக்கிள், மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் எல்லாம் அங்கேதான். ஊரின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்ததும் ஷெட்டில் தண்ணீர் நிற்கத் தொடங்கும்.

வழக்கமாக என்ன நடக்கும்? குடியிருப்பவர் "ஒழுகுது சார்" என்பார். வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரை அனுப்புவார். கொத்தனார் கண்ணில் படுகிற விரிசலில் எதையாவது பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் தண்ணீர். வீட்டுக்காரர் "போன மாசம்தானே செலவு பண்ணேன்" என்று கோபித்துக்கொள்வார். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கிற வசதி அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் உண்டு. மழை பெய்யும்போது அங்கே இருப்பவர் அவர்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கரண்ட்

தரையில் தண்ணீர் நிற்கும்போது ஷெட்டுக்குள் இறங்குவதற்கு முன் அந்தப் பகுதியின் மின்சாரத்தை அணையுங்கள். மெயின் பெட்டி ஷெட்டுக்குள்ளேயே இருந்து, அதைத் தொட ஈரத்தில் நின்றாக வேண்டும் என்றால் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு (94987 94987) அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும், அதையும் அணைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) வீட்டில் இல்லையென்றால் வேறு எந்தப் பழுதுக்கும் முன்னால் அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

காருக்கு ஒரே ஒரு விதிதான். தண்ணீர் சைலன்சர் குழாயைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைத் திருப்பிச் சோதித்துக்கூடப் பார்க்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டாத பல பாலிசிகளில் அந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்வதே நல்லது.

வழியைக் கண்டுபிடிப்பது எப்படி

ஷெட்டை ஒருமுறை காலி செய்து, தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். நாலு சுவரின் அடியிலும் ஷட்டரின் உள்பக்கத்திலும் கோலமாவை ஒரு விரல் அகலத்துக்குத் தூவி வையுங்கள். மழை ஆரம்பித்ததும் எந்த இடத்தில் மாவு முதலில் நனைந்து கரைகிறதோ அதுதான் தண்ணீர் நுழையும் வழி. தண்ணீர் பரவிய பிறகு போய்ப் பார்த்தால் தரை முழுக்க ஈரம்தான் தெரியும், ஆரம்ப இடம் தெரியாது. அப்புறம் சாக்பீஸால் ஈரத்தின் ஓரத்தைக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். மழை தொடங்கிய நேரம், தண்ணீர் தெரிந்த நேரம், மழை விட்ட நேரம், தண்ணீர் வருவது நின்ற நேரம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் பாதி நோயைப் படித்துவிடலாம்.

மழைக்குக் காத்திருக்க முடியாதென்றால் தோட்டத்து ஓஸ் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே தண்ணீர் அடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சுடன் நிற்க வேண்டும். கீழேயிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் வாசல், பிறகு சுவரின் அடி, பிறகு நடு, கடைசியாகக் கூரை விளிம்பு என்று ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எது காரணம் என்று சொல்லவே முடியாது.

அறிகுறி: மழை வலுத்ததுமே ஷட்டரின் அடியில் தண்ணீர் உள்ளே வருகிறது

சென்னை வீடுகளில் அதிகம் பார்ப்பது இதுதான். இதில் வீட்டைவிடத் தெருவுக்கே பங்கு அதிகம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு மட்டும் கட்டிய உயரத்திலேயே நிற்கிறது. இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகும் தெருக்கள் இருக்கின்றன. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தவைதான். உங்கள் தெருவில் சுரண்டாமல் தார் போட வந்தால் வேலை நடக்கும்போதே மாநகராட்சியின் 1913-க்கு அழையுங்கள். முடிந்த பிறகு அழைத்துப் பலன் குறைவு.

முதலில் மட்டம் பாருங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெரு நடுவிலும் மறு முனையை ஷெட் தரையிலும் பிடித்தால் எது எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். கண் மதிப்பு இந்த விஷயத்தில் மோசமாக ஏமாற்றும்.

ஷெட் தரை தெருவைவிட உயரமாகவே இருந்து, நடுவில் உள்ள சரிவில் விழுகிற மழை மட்டும் உள்ளே ஓடிவருகிறது என்றால் வேலை சுலபம். ஷட்டருக்கு முன்னால் குறுக்காக ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, மேலே இரும்பு கிரேட்டிங் போட்டு, தண்ணீரை மழைநீர் வடிகாலுக்கோ சேகரிப்புக் குழிக்கோ கொண்டுபோகச் செய்தால் முடிந்தது. கார் ஏறுவதால் கனமான கிரேட்டிங் வேண்டும். கால்வாயின் அடித்தளத்தில் வாட்டம் இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். வாட்டம் இல்லாத கால்வாய் கொசுத் தொட்டியாகிவிடும்.

ஷெட் தெருவைவிடத் தாழ்வு என்றால் கால்வாய் மட்டும் போதாது, தண்ணீர் போக இடமே இல்லை. அப்போது கேட்டுக்கு நேரே வரப்பு மாதிரி ஒரு மேடு எழுப்ப வேண்டும், இரண்டு பக்கமும் கார் அடி உரசாத அளவுக்குச் சரிவோடு. அதைத் தாண்டி உள்ளே விழும் மழைக்கு ஒரு சிறு குழியும், தானாக ஓடி நிற்கும் சிறிய பம்பும் வேண்டும். இல்லையென்றால் ஷெட் தரையையே உயர்த்த வேண்டும். ஆனால் உயர்த்துவதற்கு முன் காரின் உயரத்தையும் ஷட்டர் திறந்த நிலையில் இருக்கும் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், சாரலையும் குப்பையையும் தடுக்கும். நாலு அங்குலம் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தடுக்காது, பட்டைக்கு மேலே ஷட்டரின் ஒவ்வொரு மடிப்பும் பக்கத்துச் சேனலும் தண்ணீரை விடும். தற்காலிகமாக மணல் மூட்டைதான் கை கொடுக்கும். மூட்டையை வெறும் தரையில் அடுக்காதீர்கள். தடிமனான பாலித்தீன் விரிப்பைத் தரையில் போட்டு, தெருப்பக்கமாக மடித்து எழுப்பி, அதை அழுத்திப் பிடிக்கிற மாதிரி செங்கல் அடுக்குவது போல ஒன்றன் இணைப்பின் மேல் ஒன்று வருமாறு வையுங்கள். மூட்டையை முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் படிந்து உட்காரும்.

அறிகுறி: மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுகிறது

மழை நின்று ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டத் தொடங்கி மறுநாளும் தொடர்ந்தால், மேலே எங்கோ தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்குகிறது என்று பொருள். கான்கிரீட்டுக்குள் தண்ணீர் நேராக இறங்காது. கம்பி ஓடும் பக்கமும் விரிசல் ஓடும் பக்கமும் நகர்ந்து, வசதியான இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசினால் பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

ஷெட்டுக்கு மேலே மொட்டைமாடி என்றால் ஏறிப் பாருங்கள். முதலில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் இலையும் காம்பும் சேர்ந்து பாய் பின்னியது போல அடைத்திருக்கும். அதோடு ஒரு பால் பாக்கெட் கவரும் இருந்துவிட்டால் மாடி முழுக்கக் குளம்தான். கையால் எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சரசரவென்று இறங்க வேண்டும். இந்த ஒரு வேலையே பல ஒழுகல்களை நிறுத்திவிடுகிறது. புரட்டாசியிலேயே செய்துவிடுவது நல்லது.

அதற்குப் பிறகும் ஒழுகினால் மாடித் தளத்தில் பதித்திருக்கும் தட்டோடுகளைத் தட்டிப் பாருங்கள். ஒரு குச்சியாலோ ஸ்பேனரின் பின்பக்கத்தாலோ ஒவ்வொரு ஓடாகத் தட்டினால், ஒட்டியிருக்கும் ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், விட்டுப்போன ஓடு பானையைத் தட்டியது போலக் கேட்கும். அவற்றில் சாக்பீஸால் குறி போடுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைக் கையால் தடவிப் பாருங்கள், அங்கே முடி அளவு விரிசல் நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். தளத்தைவிட அந்த மூலையில்தான் தண்ணீர் அதிகம் நுழைகிறது. கொத்தனார் முதலில் தளத்துக்கு ஓடினால் மூலையைக் காட்டுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு தண்ணீர் கட்டிச் சோதிக்கலாம். குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழு நாள் விட்டுவிட்டுக் கீழே பார்க்க வேண்டும். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெர்ரஸ் கூரைகளிலும் கம்பி வெளியே தெரியும் கூரைகளிலும் இதைச் செய்யவே கூடாது. கூரை உப்பி, கம்பி துருவேறி, கான்கிரீட் செதில் செதிலாக விழுகிறது என்றால் அது பூச்சு வேலையில் அடங்காது. காரை வெளியே எடுத்துவிட்டுப் பொறியாளரை வரச் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். மாடியில் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலையை மழைக்காலத்தில் செய்ய விடாதீர்கள். தளம் உள்ளே வரை காய்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும், ஈரத்தின் மேல் அடித்தால் தை மாத வெயிலில் கொப்பளித்து உரிந்துவிடும். மழைக்காலத்தில் தார்ப்பாய் போதும். மாசியிலிருந்து வைகாசி வரை வேலைக்கு ஏற்ற காலம்.

மழையே இல்லாத நாளிலும் சொட்டுகிறதா? அப்படியானால் மேல்மாடிக் குளியலறையையோ தண்ணீர்க் குழாயையோ பாருங்கள். மேல் வீட்டில் காலையில் குளித்து முடித்ததும் சொட்டு கூடுகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: மூலையில் இருக்கும் மழைக்குழாயின் அடியில் தண்ணீர் பொங்குகிறது

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் மாடித் தண்ணீர் இறங்கும் குழி கார் ஷெட்டிலேயே இருக்கிறது. ஆனால் குழியைத் திறந்து பார்த்தவர் யார்? ஆண்டுக்கணக்கில் வண்டல் படிந்து, மேலே போட்ட கூழாங்கல்லும் மணலும் சேறாகிவிட்டால் குழி தண்ணீரைக் குடிக்காது. மாடியிலிருந்து வருகிற மொத்தத் தண்ணீரும் மூடி வழியாக ஷெட்டுக்குள் பொங்கும். மூடியைத் திறந்து மேல் மணலை அள்ளி, கூழாங்கல்லைக் கழுவிப் போட்டு, புது ஆற்று மணல் நிரப்பினால் அநேகமாகச் சரியாகும். ஆழமான குழிக்குள் நீங்களும் இறங்காதீர்கள், வேறு யாரையும் இறக்காதீர்கள். மேலே நின்று அள்ள முடிந்ததை மட்டும் அள்ளுங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் வெளியே போக ஒரு மிகைநீர்க் குழாய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சுவரின் அடியில் ஈரம், பெயிண்ட் உரிகிறது, உப்பு பூக்கிறது

சுவர் தண்ணீரை வெளியிலிருந்து வாங்குகிறதா, காற்றின் ஈரம் உள்ளே படிகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பாலித்தீனுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் மட்டும் ஈரமென்றால் காற்றோட்டம் போதவில்லை, ஷட்டரை வெயில் நேரத்தில் திறந்து வைத்தாலே சரியாகும். தரையிலும் இதே சோதனை செல்லும்.

சுவருக்குள்ளிருந்து என்றால் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். பக்கத்து மனையில் மண் நிரப்பி உயர்த்தியிருந்தால் உங்கள் சுவர் ஈர மண்ணை அணைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் தாங்காது. மண்ணைச் சுவரிலிருந்து விலக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கம் பூச வேண்டும். இரண்டுக்கும் பக்கத்து மனைக்காரரின் சம்மதம் தேவை, அதனால் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும்.

அறிகுறி: தண்ணீரில் நாற்றம்

இது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. தெருச் சாக்கடை நிரம்பி, உங்கள் வீட்டுச் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் மூடி போட்ட தொட்டி) வழியாகத் திரும்பி வருகிறது. சேம்பர் மூடி தெருவைவிடத் தாழ்வாக இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். குடிநீர் வாரியத்தின் 1916-இல் புகார் செய்யுங்கள். வீட்டுக்காரரிடம், வெளியே போகும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக் கழிவும் வெளியே போகாது, ஆகவே அப்போது தண்ணீர்ப் புழக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தரைமட்டச் சம்ப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சம்ப்பைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே நிரப்புங்கள். எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட தண்ணீரில்தான் பரவுகிறது. காலில் புண் இருப்பவர் அதில் இறங்க வேண்டாம்.

அறிகுறி: தகரக் கூரையில் அங்கங்கே சொட்டு

தகடு போட்ட ஷெட் என்றால் மழை பெய்யும்போதே சொட்டும், நின்றதும் நின்றுவிடும். திருகு அடித்த இடங்களில் உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். திருகையும் வாஷரையும் மாற்ற வேண்டும், மேலே எம்-சீல் அப்பினால் ஒரு கோடை தாங்காது. தகடு வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் வழிந்தால், சுவரில் காடி வெட்டித் தகட்டுப் பட்டையைச் செருகிப் பூச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறி மிதிக்காதீர்கள், ஷீட் உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) கட்டுமானம் சார்ந்த பழுதுகளை வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகவும், வடிகால் அடைப்பு எடுப்பது போன்றவற்றைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். அதாவது, குழாய் வாயில் உள்ள வேப்பிலையை நீங்கள் எடுங்கள். கூரை, சுவர், தரை மட்டம், ஷட்டர் முன் கால்வாய் அவர் பாடு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் ஆகியிருந்தால்தான் இந்தச் சட்டத்தை வைத்துப் பேச முடியும். "நானே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று முடிவெடுப்பதற்கு முன் அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சட்டத்தைவிட விவரம் சீக்கிரம் வேலை செய்யும். இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். நேத்து ராத்திரி 9 மணிக்கு மழை விட்டது. 11 மணிக்கு ஷெட் கூரையில் தென்மேற்கு மூலையில் சொட்ட ஆரம்பித்தது, காலை வரை நிற்கவில்லை. மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்துவிட்டேன். கைப்பிடிச் சுவர் அடியில் ஆறு அடி நீளத்துக்கு விரிசல் இருக்கு சார், போட்டோ அனுப்பியிருக்கேன். இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டுக்கிறேன். தை முடிஞ்சதும் பூசிடலாமா சார்? சனிக்கிழமை வந்து ஒருமுறை பார்க்க முடியுமா?"

இதைப் படிப்பவருக்குச் செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்கு வந்துவிடும், எந்த வேலைக்காரரை அனுப்ப வேண்டும் என்றும் தெரியும். "ஒழுகுது" என்ற சொல்லில் இரண்டும் இல்லை. போனில் பேசினாலும் பிறகு வாட்ஸப்பில் எழுதிவிடுங்கள். குடி வந்த நாளிலேயே ஷெட்டின் சுவர்களையும் கூரையையும் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பி வைத்துவிட்டால், காலி செய்யும்போது பழைய கறைக்கு அட்வான்ஸில் பிடிக்கிற பேச்சு எழாது.